கோட்டையில் பூட்டிய கதவு

அன்புள்ள அம்மாவுக்கு,

ரொடிகா வணக்கத்துடன் எழுதுகிறேன். முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை, பேக்கரியில் என்னோடு வேலை செய்யும் மிலுஷ்கா அக்கா என்னைப் பழைய கோட்டை ஒன்றுக்கு அழைத்துப் போனார். செக் நாட்டுக் கோட்டைகளில் மரத்தரை கீறாமலிருக்க, ஷூவுக்கு மேல் கம்பளிச் செருப்பு மாட்டிக்கொள்ள வேண்டும். அதில் நடப்பது மிதப்பதைப் போல இருக்கிறது, ஓசையே எழாது. ஒரு படுக்கையறைச் சன்னலில், ஆற்றின் மேல் பனி நகர்வதைப் பார்த்து மயங்கி நின்றுவிட்டேன். எல்லோரும் வெளியேறிவிட்டதாக நினைத்த வழிகாட்டி, கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்.

பயப்படாதீர்கள். நான் இல்லாததை யார் கவனிப்பார்கள் என்று மட்டும் யோசித்தேன். அதற்குள் வெளியே அக்காவின் குரல் கேட்டது.

"என்னய்யா, ஆள எண்ண மாட்டீங்களா? எங்க பொண்ணு உள்ள இருக்கா, தொறங்க!"

கதவு திறந்ததும், "ராணியாகிடலாம்னு பாத்தியாடி?" என்று சிரித்தார்.

திரும்பும் ரயிலில் உங்கள் பெயரைக் கேட்டார். இங்கு வந்ததிலிருந்து வீட்டைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை. அவரிடம் சொன்னேன். பராஸ்கீவா, பராஸ்கீவா என்று ஊர் வரும்வரை சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். உங்கள் படம் ஒன்று அனுப்புங்கள், அவருக்குக் காட்ட வேண்டும்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள்
ரொடிகா