வெள்ளைச் சாயம் அடித்த இரும்பு

மனநோய் இல்லம், ஓஹையோ
3 அக்டோபர் 1876

அன்புள்ள தாடியஸுக்கு,

நலம். நீங்களும் நலம்தானே? நீங்கள் கட்டிய மாளிகையில் என்னைக் குடிவைத்து ஒரு மாதமாகிறது.

கட்டிய மனைவிக்கே பைத்தியம் என்று கையெழுத்துப் போட்டீர்களே, நான் செய்த குற்றம் என்ன? விருந்தில் மேயர் முன்னால், "நீங்க கட்டின நீதிமன்றக் கோபுரம் உப்பு ஜாடி மாதிரி இருக்கு" என்று சிரித்தேன். மேயரும்தான் சிரித்தார். அவரை எங்கே அடைத்திருக்கிறீர்கள்?

மேலே தள்ளித் திறக்கும் என் ஜன்னல் ஒரு சாணுக்கு மேல் உயர மறுக்கிறது. சாப்பாட்டு மேசையில் இந்த இல்லத்தின் வரைபடத்தை விரித்து நீங்கள் பெருமையடித்துக்கொண்டது நினைவிருக்கிறதா? "ஜன்னல் சட்டம் இரும்பு, லவினியா. வெள்ளைச் சாயம் அடிச்சா மரம்னு நினைச்சுக்குவாங்க. அடைச்சு வச்சிருக்குன்னே தெரியாது." எனக்குத் தெரிகிறதே, என்ன செய்ய?

வந்து கையெழுத்துப் போட்டு என்னை அழைத்துப் போங்கள்.

உங்கள்
லவினியா


சின்சினாட்டி
20 அக்டோபர் 1876

என் அன்பு லவினியா,

உன் கேலி குறையவில்லை. அதனால் நீ இன்னும் குணமாகவில்லை. சட்டசபைக் கட்டடப் போட்டியில் என் வரைபடம் கடைசிச் சுற்றுக்கு வந்திருக்கிறது. இப்போது எனக்கு வீட்டில் அமைதி வேண்டும். வசந்தம் வரட்டும், பார்க்கலாம். தோட்டத்தில் நட. காற்றுக்காகவே அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

அன்புடன்
தாடியஸ்


மனநோய் இல்லம்
9 நவம்பர் 1876

தாடியஸுக்கு,

நேற்று சட்டசபைக் கட்டடக் குழுவினரை முற்றத்தில் நிறுத்தி, கைத்தடியால் ஒரு ஜன்னலைக் காட்டினீர்கள். "பாருங்க, அசல் வீடு மாதிரியே இல்ல?" என்றது மேலே வரை கேட்டது. அந்த ஜன்னலில் நின்றவள் நான். கையசைத்தேன். ஜன்னலைத்தான் பார்த்தீர்கள். குழுவில் ஒருவர் எனக்குத் தொப்பியைக் கழற்றினார். யாரென்று கேட்டிருப்பார். என்ன சொன்னீர்கள்?

லவினியா


சின்சினாட்டி
2 டிசம்பர் 1876

அன்பு லவினியா,

சட்டசபை வேலை எனக்கே கிடைத்துவிட்டது! அந்த இல்லம்தான் குழுவினருக்கு மிகவும் பிடித்ததாம். நீ கேட்டதற்குப் பதில்: யாரோ ஒரு நோயாளி என்றேன். அந்த இடத்தில் வேறென்ன சொல்ல? முடிந்தால் கோடையில் வருகிறேன்.

தாடியஸ்


என் தம்பி ஏசாவின் வீடு
14 ஜனவரி 1877

தாடியஸுக்கு,

உங்கள் கடைசிக் கடிதத்தை ஏசாவுக்கு அனுப்பிவைத்தேன். அவன் அதைக் காட்டி நீதிபதியிடம் மனு போட்டான். விசாரணை உங்கள் கோபுரத்தின் கீழேதான் நடந்தது. "விருந்துல அப்படி என்னம்மா சொன்னீங்க?" என்று நீதிபதி கேட்டார். சொன்னேன். அடக்கிப் பார்த்தார், முடியவில்லை, சிரித்துவிட்டார். அன்றே விடுதலை.

இங்கே என் அறை சிறியது. சாய்ந்த கூரை தலையில் இடிக்கிறது. காலையில் ஜன்னலை மேலே தள்ளினேன். முழுவதும் திறந்துகொண்டது. பனி கட்டில்மேல் விழுகிறது, மூட மனம் வரவில்லை.

கோடையில் நீங்கள் வர வேண்டாம்.

லவினியா