பூச்சியத்தால் வகுத்தவளுக்கு

என் செல்ல எதிரி சுகந்திக்கு,

செத்தும் நீ எனக்கு முன்னால்தான் நிற்கிறாய். எங்கேயோ குண்டு வெடித்ததாம். யார் யார் இருக்கிறோம் என்று பதிவு பார்க்க நேற்று வெள்ளவத்தை வீட்டுக்குப் பொலிஸ்காரர் வந்தார். மாலை போட்ட உன் படத்தைக் காட்டி, "கவுத மே?", யார் இது என்று சிங்களத்தில் கேட்டார். "மகே துவ. புரொபெசர்", என் மகள், பேராசிரியர் என்று அதே மொழியில் சொன்னார் உன் அம்மா, என் மாமி. நீயும் என்னைப் போல உதவி விரிவுரையாளர்தானே? காய்ச்சலில் போனால் பதவி உயர்வா? மாமி, பக்கத்தில் நின்ற என்னை உறவுக்காரி என்று மட்டும் சொன்னார்.

உன் தேற்றத்தின் நிறுவலை அச்சுக்கு அனுப்புமுன் சரிபார்க்கச் சொல்லி நம் பேராசிரியர் என்னிடம் தந்திருக்கிறார். அமுக்கினால் சுருங்குகிற, பிசுக்குள்ள வாயு ஒரு குழாயில் ஓடுகிறது. இடையில் வாயுவே இல்லாத வெற்றிடம் இருந்தால் சமன்பாடு என்ன சொல்லும்? நான் எப்போதும் "அடர்த்தி எங்கேயும் பூச்சியமில்லை" என்று முதல் வரியிலேயே எழுதித் தப்பிவிடுவேன். நீ அந்த வரி இல்லாமலே தொடங்கினாய். அந்தத் துணிச்சலைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது.

பிறகு ஒன்பதாம் பக்கத்தில் கண்டேன். வேகம் வேண்டுமென்று உந்தத்தை அடர்த்தியால் வகுத்திருக்கிறாய். வெற்றிடத்தில் அடர்த்தி பூச்சியமடி! டியூஷன் வகுப்பில் "பூச்சியத்தால வகுத்தா வெளியில போ" என்று பிள்ளைகளைக் கலைத்தவள் நீ. சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். மாமி குசினியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தார்.

"என்ன பிள்ளை?"

"சுகந்தி பிழை விட்டிட்டாள் மாமி."

"அவளோ? வடிவாப் பார். நீதான் விட்டிருப்பாய்."

அந்தக் கோபத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். வகுக்கத் தேவையே இல்லை. வாயு இல்லாத இடத்திலும், சமன்பாட்டில் பிசுக்கைச் சொல்லும் உறுப்பு வேகத்தைக் கைவிடாமல் பிடித்திருக்கிறது. அது உன் எட்டாம் பக்கத்திலேயே கிடந்தது. சில வரிகளில் நிறுவல் சரியாகிவிட்டது. ஆனால் சந்தோஷம் ஏன் வரவில்லை? "ஓமடி, நீ சொன்னது சரி" என்று சொல்ல நீ இல்லை. நீ பார்க்காத வெற்றி எனக்கு எதற்கு?

"உங்கட பேரையும் போடுவமே?" என்று பேராசிரியர் கேட்டார். வேண்டாம் என்றேன். பெருந்தன்மை என்று நினைத்துவிடாதே. உன் தேற்றத்தில் இரண்டாவது பெயராக நிற்க எனக்கு விருப்பமில்லை.

நீ செய்தது ஒரு பரிமாணம். முப்பரிமாணத்தை, வெற்றிடத்தோடு, தப்பிக்கும் அந்த வரியை எழுதாமல் நான் செய்வேன். முடிந்த அன்றைக்கு உன் படத்துக்கு முன்னால் இருந்து முழுவதையும் வாசிப்பேன். அன்றைக்காவது நீ என்னைப் பார்த்துப் பொறாமைப்படு.

இன்னும் உன்மேல் கோபம் தீராத
உன் மச்சாள்,
வாசுகி