இறக்கையில் அப்பாவின் எண்

ஆடி 21, புதன்

தென்னை ஓலைகள் திடீரென எதிர்ப்பக்கம் சாய்ந்ததைத்தான் முதலில் பார்த்தேன். அதற்குள் காற்று என் மாதிரி விமானத்தை இழுத்துக்கொண்டு போய்விட்டது. ரிமோட்டுக்கு அது அடங்கவில்லை. தரிசு நிலத்தைத் தாண்டித் துணை மின்நிலையத்துச் சுற்றுச்சுவருக்குள் விழுந்தது. காவலாளி அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

பதினெட்டு வயது ஆகாதவர்கள் தனியாகப் பறக்கவிடக் கூடாது என்பது எங்கள் மாதிரி விமான கிளப்பின் விதி. அரசு இடங்களுக்குப் பக்கத்தில் யாருமே விடக் கூடாது. வீட்டுக்குத் தெரியாமல் என்னை கிளப்பில் சேர்த்து, பொறுப்பாளர் என்று கையெழுத்துப் போட்டவர் ஜெராக்ஸ் கடை ஜான்சி அக்கா. அவரிடம்தான் ஓடினேன்.

“இறக்கையில போன் நம்பர் எழுதச் சொன்னாகளே, யாரு நம்பர எழுதுன?”

“அப்பா நம்பர். எனக்குத்தான் போன் இல்லையேக்கா.”

“அடிப்பாவி! திருட்டுத்தனமா பறக்கவிட்டுட்டு அவரு நம்பரயே எழுதி வச்சிருக்கியே. இம்புட்டு நேர்மையா எவளும் மாட்டுனதில்ல!”

சிரித்தவர் சட்டென்று நிறுத்தினார். “கேஸுன்னு வந்தா என் கையெழுத்தும்ல இருக்கு.”

பள்ளியை விட்டு நின்றபின் எனக்கென்று இருந்தது அந்த கிளப் ஒன்றுதான். இப்போது அக்காவையும் மாட்டிவிட்டேன்.

வீட்டில் அப்பாவின் போன் அடிக்கும்போதெல்லாம் ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒரு முறை பூ மண்டி, ஒரு முறை சித்தி.

“ஏன் பேயறஞ்ச மாதிரி இருக்க? வெஞ்சனம் புடிக்கலயா?” என்றார் அப்பா, என் தட்டில் தொடாமல் கிடந்த பொரியலைப் பார்த்து.

அவர் கை கழுவப் போனபோது தெரியாத எண் ஒன்று வந்தது. “யாருன்னு கேளு” என்றார்.

போனை எடுத்தேன். துணை மின்நிலையத்திலிருந்துதான். அப்பாவுக்கும் கேட்கும்படி, “அந்த விமானம் என்னோடதுங்க” என்றேன்.