கை காட்டாமல் நின்ற பெண்

அன்பு மகளுக்கு,

நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், அவருடைய முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. உன் இருமல் விட்டதா? வெந்நீர் குடிக்கிறாயா என்று கேட்டால் "உம்" என்கிறாய், அது எந்த "உம்" என்று எனக்குத் தெரியும். போனில் எனக்குப் பேச்சு வராது, அதனால்தான் எழுதுகிறேன், அப்பா இதைப் படம் பிடித்து அனுப்புவார்.

ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. கம்ப்யூட்டர் பஸ் விளையாட்டில் நீயாக மாற்றிச் சேர்த்ததை, நீ 'மோட்' என்கிறாயே அதைப் பார்த்துவிட்டு அந்த கேம் கம்பெனிக்காரர்கள் அவர்களாகவே வியாழக்கிழமை நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள், நீயோ "நான் போகலம்மா, அங்க எல்லாரும் அதுக்குன்னே படிச்சிட்டு வந்தவங்க, நான் வீடியோ பாத்துக் கத்துக்கிட்டவ, ஒரு கேள்வி கேட்டா திருதிருன்னு முழிப்பேன்" என்கிறாய். கூரியர் ஆபீஸில் விலாசம் தட்டிக்கொண்டே காலத்தை ஓட்டிவிடலாமாம். நான் போனை அப்பாவிடம் நீட்டிவிட்டேன்.

பதினான்கு வயதில் அந்த விளையாட்டுக்குள் புகுந்து, பஸ் நம்பரை அப்பா ஓட்டிய பஸ்ஸின் நம்பராக மாற்றப் பார்த்தாய், விளையாட்டே திறக்காமல் போயிற்று. அழுதாய், அழித்துவிட்டுத் திரும்பப் போட்டாய், மறுபடி உடைத்தாய். எந்த வரியைத் தொட்டால் எது உடைந்தது என்று கணக்கு நோட்டின் பின்பக்கங்களில் நீ எழுதி வைத்ததைப் போன வாரம் அலமாரியில் கண்டெடுத்துப் படித்தேன். "மழை பெய்யுது, வைப்பர் ஓடல" என்று மூன்று பக்கம், நான்காம் பக்கத்தில் தாள் கிழிகிற அழுத்தத்தில் "ஓடுது!!!". பிறகு ஒருநாள் அப்பா உன் பின்னால் நின்று, "இப்படி பிரேக் போட்டா நிக்கறவங்கல்லாம் என் மடியிலதான் விழுவாங்க" என்று சிரித்தார், நீ அதையே பிடித்துக்கொண்டு, தள்ளாடுகிற பயணிகளையும் அவர்கள் திட்டுகிற திட்டையும் செய்துவிட்டாய்.

நேற்று உன் பழைய கம்ப்யூட்டரில் நானே பஸ் ஓட்டினேன். சிரிக்காதே. மெல்ல ஊர்ந்து போனேன், பின்னாலிருந்து ஒரு பெரியவர் "நடந்திருந்தா இந்நேரம் வீடு போய்ச் சேர்ந்திருப்பேன்" என்கிறார், பிரேக்கை அழுத்தினால் ஒரு அம்மாள் "லைசென்ஸ் வாங்கினியா, ரோட்ல பொறுக்கினியா?" என்கிறாள். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை, "எல்லாம் என் முப்பது வருஷச் சம்பாத்தியம்" என்றார். மூன்றாவது ஸ்டாப்பில் யாரும் கை காட்டவில்லை, நிற்காமல் போனேன். அப்பா என் தோளைத் தட்டி, "ஏய், உன்னையே விட்டுட்டுப் போறியே!" என்றார். மறுபடி முதலிலிருந்து ஓட்டி வந்து பார்த்தேன். கம்பத்தை ஒட்டி ஒரு பெண், மார்போடு அணைத்த ஃபைல், கை மட்டும் நீளவேயில்லை. நிறுத்தினேன். ஏறினாள், ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

நம் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் அம்மா என்று எல்லாரிடமும் சொல்வாய். முதல் இண்டர்வியூ அன்று கை நீட்டக் கூச்சப்பட்டு இரண்டு பஸ்ஸை விட்டவளும் அதே அம்மாதான் என்று நான் சொன்னதில்லை. மூன்றாவதை ஓட்டி வந்த அப்பா தானாக நிறுத்தி, "ஏம்மா, வேடிக்கை பாக்கறீங்களா, ஏறறீங்களா?" என்று கேட்டார். இதை மகளிடம் சொன்னீர்களா என்று அவரைக் கேட்டால், "வாய் தவறி வந்துடுச்சு" என்கிறார். அவர் இரண்டு வரி சொல்லியிருப்பார், அவ்வளவுதான். அந்த ஃபைலை அவள் பிடித்திருக்கும் பிடியை உனக்கு யார் சொன்னார்கள்? எந்தக் கல்லூரியில் அதற்குப் பாடம் இருக்கிறது?

அப்பாவுக்கும் தெரியாத ஒன்று சொல்கிறேன். அன்று என்னிடம் ஐந்து கேள்வி கேட்டார்கள், மூன்றுக்கு "தெரியாது சார், கத்துக்கறேன்" என்றேன். குரல் எழும்பாமல் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. அவர்கள் வேலை கொடுத்த ஆஸ்பத்திரி ரெக்கார்டு அறையில்தான் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். நீ பத்து வருடமாக உனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு வருகிற வார்த்தைதான் அது, வியாழக்கிழமை அவர்கள் முன்னால் ஒருமுறை சத்தமாகச் சொல்.

நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், உடம்பும் மனமும் திடமாக இருக்கட்டும். வெறும் வயிற்றோடு போகாதே. அப்பா ஒன்று எழுதச் சொல்கிறார்: பஸ் ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் சுத்தமாகத் தப்பாம். "வேலை கிடைச்சாலும் கிடைக்காட்டியும் அத மொதல்ல சரி பண்ணச் சொல்லு."

என்றும் உன்னை எண்ணி வியக்கும்,
அம்மா