இடது பக்கத்துக் கீறல்கள்

செப்டம்பர் 7, ஞாயிறு

விடியலில் தூறல். எட்டு மணிக்கெல்லாம் சுள்ளென்று வெயில்.

ஜீப்பை மணலுக்குக் கூட்டிப்போகும் ஞாயிறு. ஜீப் என்பது எங்கள் வீட்டு வழக்கு. உண்மையில் அது ஒரு குள்ள வண்டி, பக்கத்துக்கு ஒரு கதவு, நான்கு சக்கரமும் இழுக்கும். அந்த நான்கு சக்கர லிவரை மாதம் இரண்டு தரமாவது போட்டு ஓட்டவேண்டுமாம், இல்லாவிட்டால் உள்ளே இறுகிவிடுமாம். தார் ரோட்டில் போடக்கூடாதாம். மெக்கானிக் பாஷா பாய் உத்தரவு. வீடு செவிலிமேடு, பின்னால் பாலாறு. ஆகவே ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் ஆற்று மணலில் அரை மணி நேரம். இவர் முகத்தில் அப்போது வரும் சிரிப்பு கல்யாண ஆல்பத்தில்கூட இல்லை.

வண்டி வாங்கிப் பதினொரு மாதம். எதற்கு இது என்று கேட்காத ஆள் இல்லை. "காஞ்சீவரத்துல எந்த மலைமா ஏறப் போறீங்க?" என்றாள் எதிர்வீட்டுப் பெண். இங்கே இல்லை, ஜவ்வாது மலை. இளவயதில் இவர் போன பஸ் பாதி மலையில் நின்றுவிட, மீதி வளைவெல்லாம் நடந்தே ஏறினாராம். ஒருநாள் சொந்த வண்டியைத் தானே ஓட்டி ஏறவேண்டும் என்று அன்றைக்கு நினைத்தது. ஐம்பத்தைந்து வயதில் நடக்கப்போகிறது. காலாண்டு விடுமுறையில் போகிறோம், அக். 4, சனி. காலண்டரில் வட்டம் போட்டாயிற்று.

திரும்பி வந்து நிறுத்தும்போது கேட் தூணில் இடது பக்கம் உரசல். "தூண் கொஞ்சம் வெளிய வந்துக்கினு இருக்குது மலரு" என்றார். தூண் நடக்குமா?

செப். 10, புதன்

வெயில். ஒன்பதாம் வகுப்பு தேர்வுத் தாள் 42, திருத்தியது 17.

பதினொரு மாத அனுபவம், எனக்காக:
நல்லது: உயரம். மழைநீர் தேங்கின ரோட்டில் பயமில்லை. முசரவாக்கத்தில் இவர் தம்பி வீட்டுக்கு வரப்பு வரைக்கும் போகிறது. ஏசி ஜில்.
கெட்டது: பின் சீட்டுக்குப் போக முன் சீட்டை மடக்கி, குனிந்து, முருகா என்று ஏறவேண்டும். மகள் நித்யா சென்னையிலிருந்து கொண்டுவந்த பெட்டி பின்னால் வைக்க முடியாமல் அவள் மடியில். கியர் உலக்கை. பழைய காரை ஆறு வருடம் ஓட்டியவள் நான். இதை ஒரே நாள் தொட்டுவிட்டு ஸ்கூட்டிக்கே திரும்பிவிட்டேன்.

கீறல்கள்:
1. சந்தை மாட்டு வண்டி. ("மாடு இடிச்சிச்சு.")
2. ராஜ வீதி, நின்றிருந்த ஷேர் ஆட்டோ. ("அவன் திடீர்னு நின்னான்.")
3. இவர் வேலை பார்க்கும் நெசவாளர் சங்கத்து வாசல் படி. ("இருட்டா இருந்துச்சு." பகல் பதினொரு மணி.)
4. எங்கள் தூண்.
நான்கும் இடது பக்கம்.

மாலையில் பாஷா பாயிடம் போனேன். வண்டியின் இடது பக்கம் சரியாகத் தெரிவதில்லை போல, ஏதாவது செய்யுங்கள் என்றேன். கண்ணாடி மேல் சின்ன உருண்டைக் கண்ணாடி ஒன்று ஒட்டிக் கொடுத்தார். "வண்டில ஒண்ணும் இல்ல டீச்சரம்மா. ஓட்றவரு அந்தப் பக்கமும் கொஞ்சம் பாக்கணும், அவ்ளோதான்."

செப். 13, சனி

மேகம், மழை இல்லை.

இவர் சாப்பாட்டுக் கூடையை மறந்துவிட்டுப் போனார். நானே சங்கத்துக்கு எடுத்துப்போனேன். இருபத்தெட்டு வருடமாக அங்கே இவர் வேலை, நெய்துவரும் பட்டுப்புடவையில் குற்றம் பார்ப்பது. ஏழுமலை பார்த்துவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை என்பார்கள்.

பாய் சொன்னது மனதில் இருந்தது. அதனால் கதவோரம் நின்று பார்த்தேன். மேசைமேல் அரக்குப் புடவை. இரண்டு கையாலும் இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். கண்ணாடி போடவில்லை. "இங்க ஒரு இழை விட்டிருக்குது பாரு" என்று நகத்தை வைத்தார். நான் மூக்கு படக் குனிந்தும் எனக்குத் தெரியவில்லை.

கண்ணில் கோளாறு இல்லை. வண்டியில்தான். நிம்மதி. வரும் வழியில் கொத்தமல்லி, பால்.

செப். 17, புதன்

காலை நல்ல காற்று. பிறகு எப்படி இருந்தது என்று கவனிக்கவில்லை.

ஸ்கூட்டி பஞ்சர். பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர் துரை வீட்டில் ஒரு புடவை வாங்கிக்கொண்டு, அப்படியே என்னை ஐயம்பேட்டைப் பள்ளியில் விடுவதாக ஏற்பாடு. மணி ஏழு. துரை தெருவில் இடது ஓரமாகப் பாவு நீட்டியிருந்தார்கள். தெரு நீளத்துக்கு மூங்கில் கால்கள் மேல் பட்டு இழை. இந்த ஊரில் நாய்கூடப் பாவைச் சுற்றிக்கொண்டுதான் போகும். இவர் நேரே விட்டார்.

நான் கத்தினேன். பிரேக். அதற்குள் ஒரு மூங்கில் கால் பம்பரில் சிக்கிச் சாய்ந்தது. இழைகள் தொய்ந்து தரையில் பட்டன. கொஞ்சம் அறுந்தும் போனது.

"யோவ், இன்னாய்யா ஓட்ற!" என்று ஓடிவந்த துரை, இவரைப் பார்த்ததும் நின்றார். "அண்ணே, நீயா?"

அதற்குமேல் அவர் ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, தெருவில் உட்கார்ந்து, அறுந்த இழைகளை ஒவ்வொன்றாகத் தானே முடிந்தார். நான் ஷேர் ஆட்டோவில் பள்ளிக்கு.

மாலையில் காபி ஆறிப்போகும்வரை டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தார். "சத்தியமா நான் பாவைப் பாக்கல மலரு." மாடு, ஆட்டோ, தூண் எதன் பேரையும் சொல்லவில்லை.

5. துரையின் பாவு.

செப். 18, வியாழன்

புழுக்கம்.

பள்ளியிலிருந்து வந்ததும் எதிரே உட்காரவைத்தேன். "வலது கண்ணை மூடுங்க. என் மூக்கை மட்டும் பாருங்க. விரல் தெரிஞ்சா சொல்லுங்க." இடது ஓரத்திலிருந்து விரலை ஆட்டிக்கொண்டே கொண்டுவந்தேன். வந்துகொண்டே இருந்தது. என் காதருகே வந்தபிறகுதான் "தெரியுது" என்றார்.

மறுபடி செய்தேன். அதேதான்.

"என்னா டீச்சர், எத்தினி மார்க்கு?" என்று சிரித்தார். என்னால் முடியவில்லை. அடுப்பைப் பார்ப்பதுபோல் உள்ளே போய்விட்டேன்.

செப். 20, சனி

கண் மருத்துவமனை. டோக்கன் 31. காலையிலிருந்து மத்தியானம் வரை.

ஒரு பெட்டிக்குள் பார்த்துக்கொண்டு, வெளிச்சப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தவேண்டும். பக்கத்திலேயே நின்றேன். நீண்ட நேரம் அழுத்தாமல் இருந்தார். புள்ளி வரவில்லை என்று நினைத்துக்கொண்டார் பாவம். வந்துகொண்டுதான் இருந்தது.

கண்ணுக்குள் நீர் அழுத்தம். இடது கண்ணில் ஓரப்பார்வை பெரும்பாலும் போய்விட்டது. வலதில் இப்போதுதான் ஆரம்பம். வலி இருக்காது, யாருக்கும் தெரியாது என்றார் டாக்டரம்மா, நித்யா வயதுதான் இருக்கும்.

"நான் பட்டுல ஒரு இழை போனாக்கூடச் சொல்லிடுவேங்க."

"நேரா பாக்கற பார்வை நல்லா இருக்கு சார். அதனாலதான் உங்களுக்கே தெரியல."

போனது வராது. இருப்பதைக் காப்பாற்றச் சொட்டு மருந்து, தினமும், ஆயுளுக்கும். புடவை பார்க்கலாம். வண்டி ஓட்டக்கூடாது.

அன்று சங்கத்தில் நான் பார்த்தது சரி. போட்ட கணக்குதான் தப்பு. புடவையை இவர் கண்ணுக்கு நேரே இழுத்துக்கொள்கிறார். ரோடு அப்படி வராது. கீறலுக்கு நம்பர் போட்டுக் கேலி செய்துகொண்டிருந்தேனே தவிர, மனிதரை உட்காரவைத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்மேலேயே எரிச்சல்.

வரும்போது டவுன் பஸ். ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்தார்.

செப். 21, ஞாயிறு

நல்ல வெயில். மணல் ஞாயிறு. போகவில்லை.

ஜீப்புக்கு உறை போட்டு நான்கு முனையும் கட்டிவிட்டார். மலைப் பேச்சை எடுத்தேன். "வாடகைக்கு ஒரு வண்டி வெச்சிக்கினு போலாங்க."

"எவனோ ஓட்ட, நான் பின்னால குந்திக்கினு வரணுமா? பஸ்லயே போயிருப்பனே."

சொட்டு மருந்து: காலை ✓ மாலை ✓

செப். 24, புதன்

தேர்வு முடிந்தது. சாயங்காலம் மழை.

பாஷா பாய் போன். இவர்தான் விற்கச் சொல்லியிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. ஐயம்பேட்டைக்காரர் ஒருவர், ஆயுத பூஜை முடிந்த வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பாராம். "வரச் சொல்லு பாய்" என்று வைத்துவிட்டார்.

எனக்குச் சந்தோஷமாக இருக்கவேண்டும். பதினொரு மாதமாக அந்த வண்டியை நான் திட்டாத நாளில்லை. சந்தோஷமாக இல்லை.

காலண்டரில் 4ஆம் தேதி வட்டம் அப்படியே இருக்கிறது. இருவரும் அந்தப் பக்கம் பார்க்காமல் நாட்களை ஓட்டுகிறோம்.

செப். 28, ஞாயிறு

விடுமுறை. இளம் வெயில், ஆற்றில் காற்று.

இவர் முடி வெட்டிக்கொள்ளப் போனார். உறையை அவிழ்த்தேன். சாவி போட்டேன். கேட் தூணைத் தாண்டியதே பாதி வெற்றி. ஓட்டினேன். உலக்கைக் கியருக்குக் கை பழகிவிட்டது. கரையிலிருந்து மணலில் இறக்கினேன். இருபதடி போனதும் பின்சக்கரம் சுற்றியது, வண்டி நகரவில்லை. இன்னும் அழுத்தினேன். இன்னும் புதைந்தது. அந்த இரண்டாவது லிவரைப் போடாமலே இறங்கியிருக்கிறேன்.

போன் செய்தேன். பத்து நிமிடத்தில் நடந்து வந்தார், பாதி வெட்டின தலையோடு. திட்டுவார் என்று நினைத்தேன். சுற்றிவந்து நான்கு சக்கரத்தையும் குனிந்து பார்த்தார். சட்டையை மடக்கிக்கொண்டு சக்கரத்துக்கு முன்னால் மணலைக் கையால் வாரினார். பிறகு வண்டிக்கு முன்னால் தள்ளிப்போய் எனக்கு நேரே நின்றார்.

"நூட்ரல். இப்ப சின்ன லிவர அழுத்திப் பின்னால இழு. உடைஞ்சிடாது, இழு. ஸ்டியரிங் நேரா. காலை மெதுவா விடு. மெதுவா... அம்மாடி, பால் பொங்குதுன்னா ஓடற?"

நான்கு சக்கரமும் ஒன்றாகக் கடித்தது. முனகிக்கொண்டே வண்டி எழுந்து வந்தது. இவர் என்னைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்துகொண்டு, "வா, வா, வா, இன்னும் வா" என்று இரண்டு கையாலும் கூப்பிட்டார். புடவையை இழுக்கும் அதே கை.

கரை ஏறியதும் இடது கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். அந்த சீட்டில் அவர் உட்கார்ந்து இதுவரை பார்த்ததில்லை. பெல்ட்டைத் தேடினார்.

"சலூன்ல இறக்கி விடு. பாதியில வந்துட்டேன்."

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. காலையில் தூறல், பிறகு தெளிந்தது. நித்யாவுக்கு லீவு இல்லை, வீடியோவில் வந்தாள்.

ஜீப் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை. கீறல் ஒவ்வொன்றின்மேலும் ஒரு பொட்டு, இவர் வேலை. பூசணிக்காய் உடைத்தாயிற்று. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். அடுத்து யாராவது ஏறி வண்டியை நகர்த்திப் பழத்தை நசுக்கவேண்டும். சாவி அவர் கையில். ஏறப் போனவர், கதவில் கை வைத்தபடி நின்றுவிட்டார்.

கற்பூரம் எரிந்துகொண்டே இருந்தது.

"ஏறு மலரு" என்றார்.

ஏறினேன். நகர்த்தினேன். வலமாகச் சுற்றிவந்து நான்கு பழத்தையும் குனிந்து பார்த்துச் சொன்னார்: "நாலும் நசுங்கிருச்சி. குத்தம் இல்ல."

வெள்ளிக்கிழமை பற்றி இருவரும் பேசவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

அக். 3, வெள்ளி

ஐயம்பேட்டைக்காரர் பத்து மணிக்கு வந்தார். நல்ல மனிதர், மோர் சாப்பிட்டார். வண்டியைச் சுற்றிப் பார்த்தார். இடது பக்கத்தைக் கொஞ்சம் அதிகமாகவே பார்த்தார். நான் சமையலறை ஜன்னலில்.

"மன்னிச்சிக்கோ தம்பி, வீணா வர வெச்சிட்டேன்" என்றார் இவர். "குடுக்கறதுக்கு இல்ல. ஓட்றவங்க தரமாட்டேன்றாங்க."

நான் ஒன்றும் சொல்லவே இல்லை. இத்தனை நாளில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஜன்னலிலேயே நின்று அழுதேன்.

எடுத்துவைக்க: புளிசாதம், தண்ணீர் 2, சொட்டு மருந்து (முதலில் இது), ஸ்வெட்டர், ஸ்டெப்னி காற்று.

அக். 4, சனி

ஐந்தரைக்குக் கிளம்பினோம். செய்யாறு, ஆரணி, போளூர். போளூரில் இட்லி. அதற்கப்புறம் மலை. இதை எழுதுவது மேலே, டீக்கடை பெஞ்சில்.

முதல் வளைவில் என் கை வழுக்கியது, அத்தனை வியர்வை. "நேரா நான் பாத்துக்கறேன், பக்கத்துல நீ பாரு" என்றார். எதிரே பஸ் வருவதை எனக்கு முன்பே சொன்னார். அன்று பஸ் நின்றுபோன இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். ஒரு பாறை, ஒரு புளியமரம். அவ்வளவுதான். இறங்கவில்லை. தலையை முழுசாக இடது பக்கம் திருப்பி, பள்ளத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எஞ்சினை அணைக்கவில்லை.

கடைசி வளைவுக்கு முன் ஒரு லாரிக்கு ஒதுங்கினேன். அதிகமாக ஒதுங்கிவிட்டேன். கரக் என்று ஒரு சத்தம். இறங்கிப் போய்ப் பார்த்தோம். இடது கதவில், முழ நீளத்துக்கு.

இரண்டு வாரமாகக் கேட்காத சிரிப்பு. மலை முழுக்கக் கேட்டிருக்கும்.

"கல்லு வெளிய வந்துக்கினு இருந்துச்சா டீச்சர்? எட்றீ அந்த நோட்ட. எழுது, என் கண்ணெதிர எழுது."

6. ஜவ்வாது மலை, கைப்பிடிச் சுவர். நான்.