தையலுக்கு விட்ட அங்குலம்

அம்மா,

நேற்றுப் பள்ளிக்கூடச் சட்டையின் கீழ்மடிப்பைப் பிரித்தேன். முழங்கால் தெரிகிறது என்று ரீச்சர் முறைத்ததால்தான். நான் நல்ல பிள்ளையாகிவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். மடிப்புக்குள்ளே வெயில் படாத வெள்ளை. அதில் கறுப்பாக ஒரு பெருவிரல் அடையாளம். மணந்து பார்த்தேன். தார். ஒரு கையால் எனக்குச் சட்டையும் மறுகையால் கடலுக்கு வள்ளமும் தைத்த காலத்தில், கை கழுவ மறந்து மடித்திருக்கிறீர்கள்.

அந்தக் கையிடம் நான் சொல்லவேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. முதலில் இருந்தே சொல்கிறேன். நீங்கள்தான் போய்விட்டீர்களே, அவசரம் இல்லை.

அப்பா இல்லாமல் போன பிறகு, கடலைப் பார்த்த ஓர்ஸ் ஹில் மலையில் மாமா வீட்டுப் பின்னறை எங்களுக்குக் கிடைத்தது. உங்கள் அண்ணன் நல்லவர்தான். அதை மறக்க எங்களை ஒருநாளும் விடமாட்டார். அறைவாசல் தாழ்வு, குனிந்துதான் நுழையவேண்டும். கூரை ஒழுகும். மாரிமழைக்கு நீங்கள் தையல் மெஷினை மூலைக்கு மூலை தள்ளுவீர்கள்; ஓடுகிற மெஷின் என்றால் இதுதான் என்பேன் நான். துறைமுகத்து ஐயாமாரின் மனைவிமாருக்கெல்லாம் சட்டை தைத்த உங்களுக்கு, மூதூருக்கு ஆள் ஏற்றுகிற லோஞ்சைத் தவிரக் கடல் பழக்கமே இல்லை. ஒருநாள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னீர்கள்:

"எல்லாரும் மலையிலை நிண்டு கடலைப் பாக்கினம். நான் கடலிலை நிண்டு இந்த வீட்டைப் பாக்கவேணும், பிள்ளை. அது எவ்வளவு சின்னன் எண்டு."

பகிடி என்று நினைத்தேன். அடுத்த கிழமை வீட்டு வளவுக்குள், பழைய வத்தைத் தோணி ஒன்றை உடைத்த பலகை வந்து இறங்கியது.

சாமான் தட்டுப்பாட்டுக் காலம். நல்ல பலகையும் இல்லை, செப்பு ஆணியும் இல்லை. நீங்கள் உப்புவெளிக் கரைக்குப் போய், கரைவலைத் தோணிகளைக் கயிற்றால் தைப்பதைப் பார்த்துவிட்டு வந்தீர்கள். ஆணி இல்லாவிட்டால் என்ன, தையல் எங்களுக்குத் தெரியாததா என்றீர்கள். அளவுநாடாவோடு தோணியைச் சுற்றிச் சுற்றி வந்த உங்களிடம், தோணிக்காரர் சூசை அண்ணை கேட்டாரே, "தங்கச்சி, வள்ளத்துக்குப் பொத்தான் எங்கை வைக்கப் போறாய்?" என்று. நீங்கள் நாடாவில் இருந்து கண் எடுக்காமல், "உங்கடை வாயிலை" என்றீர்கள். அன்றிலிருந்து அவர் எங்கள் ஆள்.

பழைய பேப்பர்களை ஒட்டி, சட்டைக்கு வெட்டுவது போலவே வள்ளத்துக்கும் அளவு வெட்டினீர்கள். தையல் சோக்கால் பலகையில் கோடு போட்டீர்கள். கீழ்ப்பகுதி பாவாடை, தேயிலைப் பெட்டிப் பலகையால் செய்த கபின் மேற்சட்டை, இரண்டையும் சுற்றிவர ஓர் இடுப்புத் தையல். கபின் ஏன் இவ்வளவு உயரம் என்று சூசை அண்ணை கேட்டதற்கு, குனிந்து நுழைகிற அறை ஒன்று ஏற்கெனவே இருக்கிறது என்றீர்கள். மாமா மட்டும் முற்றத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு, பொம்பிளை தைத்த வள்ளம் தண்ணீரைத் தொடாது என்று போகிறவர் வருகிறவருக்கெல்லாம் சொன்னார். அதற்குப் பரிசாக நான் அவருடைய வெள்ளைச் சேட்டின் இரண்டு கைகளையும் நுனியில் தைத்து மூடினேன். அலுவலகம் போகிற அவசரத்தில் அவர் அதற்குள் கையை விட்டுத் தவித்ததைப் பார்த்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னை ஏசினீர்கள்:

"நல்லகாலம் தைச்சாய். தைச்சதைப் பிரிக்கலாம். வெட்டினதை என்ன செய்வாய்?"

பிழையைக் கண்டுபிடித்தவளும் நான்தான். வள்ளத்தின் இடுப்பை அளந்து உங்களைச் சீண்டலாம் என்று நாடாவைப் பிடித்தால், குறுக்கே ஆறடி மூன்று அங்குலம். வளவை விட்டு வெளியே போகிற கேற் ஆறடிதான். நீங்கள் பழக்கதோஷத்தில், ஒவ்வொரு பலகைக்கும் தையலுக்கென்று ஓரம் விட்டு வெட்டியிருந்தீர்கள். துணி என்றால் அந்த ஓரம் உள்ளே மடிந்துவிடும். பலகை மடியாதே. விட்டது எல்லாம் சேர்ந்து வள்ளம் கொழுத்துவிட்டது. சரித்துக் கொண்டுபோகலாம் என்றால் கபின் இடிக்கும். நீங்கள் நாடாவை வாங்கித் திரும்ப அளந்தீர்கள். பிறகு, "வளருற பிள்ளைக்கு விட்டுத்தானே வெட்டவேணும்" என்று சொல்லிவிட்டுத் தேநீர் வைக்கப் போனீர்கள்.

வழி கண்டுபிடிக்க முதல் உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் இருந்து உங்கள் பொருட்களை மட்டும் ஒரு பையில் தந்தார்கள். நாடாவும் அதற்குள் இருந்தது.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்ததும் மாமா சொன்னார், திங்கட்கிழமை தச்சர் வாளோடு வருகிறார் என்று. கேற்றால் போகாத சாமானை வைத்திருந்து என்ன பலன், வெட்டினால் குசினிக் கூரைக்காவது உதவும் என்றார். நான் அழவில்லை. மதில் உடைக்கலாமா, அவருடைய செருப்பில் தார் பூசலாமா என்று யோசித்துக்கொண்டு இருந்தேன். ஆனால் வெட்டு என்ற சொல் காதிலேயே நின்றது. இறுகிப்போன கவுனை நீங்கள் வெட்டமாட்டீர்கள். இடுப்பைப் பிரிப்பீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாமா கந்தளாய்க்கு வயல் பார்க்கப் போனார். அவர் ஏறின பஸ்ஸின் புகை அடங்க முதல், நான் சொல்லி வைத்தபடி சூசை அண்ணை தன் ஆட்களோடு வந்துவிட்டார். உங்கள் சின்னக் கத்தரிக்கோலால் இடுப்புத் தையலைக் கண்ணி கண்ணியாக நான்தான் பிரித்தேன். கபினைக் கழற்றித் தனியாகத் தூக்கினோம். கீழ்ப்பகுதியைப் புத்தகம் நிறுத்துகிற மாதிரிப் பக்கவாட்டில் நிமிர்த்தினோம். கேற்றால் போனது, அம்மா. இரண்டு பக்கமும் ஆள் நடக்க இடம் விட்டுக்கொண்டு போனது. கபினையும் சேர்த்துக் கடற்கரைக்கு இறக்கினோம். வெறும் முற்றத்தில் மாமாவின் கதிரையில் ஒரு கடிதத்தைக் குண்டூசியால் குத்தி வைத்தேன்: "மாமா, வாள் வீணாகவேண்டாம். பிலாக்காய் வெட்டலாம்."

திங்கட்கிழமை காலை அவர் தச்சரையும் வாளையும் கூட்டிக்கொண்டு கரைக்கே வந்துவிட்டார். உன்னை ஆர் எடுக்கச் சொன்னது என்றார். நான் வள்ளத்துக்கும் வாளுக்கும் நடுவில் போய் நின்றேன்.

"வளவு உங்கடை, மாமா. கடற்கரை உங்கடை இல்லை. வள்ளம் அம்மாவின்ரை."

தச்சர் வாளைச் சாக்கில் சுற்றினார். மாமா திரும்பி மலை ஏறினார்.

நான்கு நாள் கயிறு இழுத்து இடுப்பைத் திரும்பத் தைத்தோம். என் கண்ணிகள் கோணல். நீங்கள் கண்டால் பிரிக்கச் சொல்லியிருப்பீர்கள். ஐந்தாம் நாள் தள்ளினோம். பொம்பிளை தைத்த வள்ளம் தண்ணீரைத் தொட்டது. தண்ணீரும் வள்ளத்தைத் தொட்டது, கொஞ்சம் உள்ளேயும் வந்தது. தகரப் பேணியால் அள்ளிக்கொண்டிருக்கும்போது பார்க்கிறேன், மாமா கரையில், சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, முழங்கால் தண்ணீரில் நிற்கிறார்.

"ஒழுகுதோ?"

"ஓம் மாமா. உங்கடை கூரையை விடக் குறைவு."

அவர் சிரித்தாரோ தெரியாது. அதற்குள் சூசை அண்ணை துடுப்பைப் போட்டுவிட்டார்.

நான் கபினுக்குள் போய் நிமிர்ந்து நின்றேன். தலை இடிக்கவில்லை. யன்னலால் மலையைப் பார்த்தேன். வீடு தெரிந்தது. எங்கள் அறையைக் கொஞ்சம் தேடவேண்டி இருந்தது. நீங்கள் சொன்னது சரி, அம்மா. சரியான சின்னன்.

சட்டை மடிப்பைத் திரும்பத் தைத்துவிட்டேன். விரல் அடையாளம் இப்போது வெளியே தெரிகிறது. அழுக்கு என்று ரீச்சர் நாளைக்கு ஏசுவா. ஏசட்டும், தோய்க்கமாட்டேன். கீழே இன்னும் ஓர் அங்குலம் மடித்து விட்டிருக்கிறேன். நான் வளருற பிள்ளை.