மூன்று பீப் சத்தம்

அன்புள்ள உனக்கு,

நான் நலம். உன் முதுகுவலி தேவலையா?

வீடியோ காலில் பாப்பா முகத்தைப் பெரிதாகப் பார்க்க நானே பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய கம்ப்யூட்டர், நான்கு நாளாக மூன்று பீப் அடித்துவிட்டு அணைந்துகொண்டிருந்தது. கேம்ப் அறையில் கூட இருக்கும் வெல்டர்தான் கை வைத்திருப்பான் என்று நினைத்தேன். கேட்டால் திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் முழித்தான். ஸ்க்ரூ டிரைவரைக்கூட அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

நேற்று அவனே வந்து, "அண்ணே, மூணு பீப் அடிச்சா ரேம் அட்டை சரியா உக்காரலன்னு அர்த்தம். ஒடஞ்சிடும்னு பயந்து மெதுவா வச்சிருக்கீங்க," என்று சொல்லி, மூடியைத் திறந்து கட்டைவிரலால் அழுத்தினான். 'டக்' என்றது. திரையில் வெளிச்சம் வந்தது.

மூடியைத் திறக்குமுன்பே அவனுக்கு எப்படித் தெரியும்? அதனால்தான் பாஸ்வேர்டு போட்டிருக்கிறேன். உன் பெயர்தான். இங்கே அதைச் சொல்லிக் கூப்பிட வேறு வழியில்லை.

வேலைக்குக் கூட்டிப்போகும் வேன் ஹாரன் அடிக்கிறது.

உன் வீட்டுக்காரன்